குழிவாசியின் நம்பர்

மிளகாய் அரைக்கும் நாளில்தான் அரசாங்கம் முதன்முதலாக எங்கள் நிறுவனத்தைத் தேடி வந்தது.

நிறுவனம் என்றதும் கண்ணாடிக் கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்குத் திரும்பும் சாலையில், ஒரு மாவு மில்லின் மாடியறை. ஆட்கள் நானும் என் கூட்டாளியும் மட்டும். கீழே மில் ஓடினால் மேலே மேசை நடுங்கும். பேசுவதென்றால் கத்த வேண்டும். அரிசி, கோதுமை அரைக்கும் நாட்களில் வெறும் சத்தம்தான். மிளகாய் அரைக்கும் நாளில் தும்மலும் சேர்ந்துகொள்ளும். அந்த அறை ஏன் அத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று குடிவந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

நான் தேனிப் பக்கத்துக்காரி. படித்து முடித்து சென்னைக்கு வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் வேலையை எங்கள் கம்பெனி ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்துகொண்டிருந்தது. பல நாட்டு அரசாங்கங்கள் அந்த நிறுவனத்துக்கு எழுதுமே, இந்தப் பதிவை நீக்கு, இதை எழுதியவன் யாரென்று சொல் என்று, அவற்றையெல்லாம் பிரித்து அடுக்குவது என் வேலை. கேட்பது யார், எந்தச் சட்டத்தில் கேட்கிறார், எழுத்தில் இருக்கிறதா, கையெழுத்து உண்டா, தேவைக்கு மேல் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஏதோ ஒரு தூர தேசத்து அமைச்சர், தன் தலைமுடியைக் கிண்டல் செய்த கார்ட்டூனை நீக்கச் சொல்லி, தேசப் பாதுகாப்பு என்று காரணம் எழுதியிருந்தார். நான் அதைத் தேசப் பாதுகாப்பு அடுக்கில்தான் வைத்தேன். அதற்கு மேல் அது என்ன ஆனது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

என் கூட்டாளிக்குப் பக்கத்து நாற்காலி. அம்பத்தூரை அடுத்த பாடியில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அம்மா சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். என்னைவிடச் சிறியவன், என்னை அக்கா என்பான். அவனை இங்கே பாடிக்காரன் என்றே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒப்பந்தம் முடிந்து இருவருக்கும் வேலை போனபோது, "சும்மா கீறதுக்கு நம்மளே ஒண்ணு ஆரம்பிக்கலாம்கா" என்றான். அப்படித்தான் ஒரு செயலி செய்தோம். எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். தண்ணீர் லாரி எப்போது வரும், எங்கே மின்தடை, யாருடைய நாய் காணோம், இவ்வளவுதான் விஷயம். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் வரை ஆட்கள் சேர்ந்தார்கள். கீழே மில் நடத்தும் அக்கா அதை "ஆப்பு" என்றுதான் சொல்வார். "உன் ஆப்புல போட்டேன், கரண்டு வந்துச்சு" என்று அவர் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

சேருகிறவர்கள் தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் வேண்டுமா என்று கேட்கும் கூட்டம் புகுந்துவிடும். ஆனால் எழுதும்போது புனைபெயரில் எழுதலாம். எங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு பெண், குடிக்கத் தண்ணீர் இல்லாத வாரத்தில் சங்கத் தலைவர் கார் கழுவுவதை எழுத ஆசைப்பட்டு, "பேரைப் போட்டா லிஃப்ட்ல அவர் மூஞ்சியப் பாக்க முடியாதுக்கா" என்று தயங்கினார். அவருக்காகத்தான் அந்த வசதி. சேரும் பக்கத்தில் ஓர் உறுதிமொழி போட வேண்டும் என்றேன். பாடிக்காரன் டீ குடித்துக்கொண்டே தட்டினான்: "உங்க நம்பர் எங்ககிட்ட பத்திரமா கீது. எவன் வந்து கேட்டாலும் தர மாட்டோம்." நான் அதைத் திருத்தி, நாகரிகமான தமிழில் மாற்றினேன். மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தவன், "எவன் வந்து கேட்டாலும்" என்பதை மட்டும் விடவில்லை. "அதுலதான்கா உயிரு கீது" என்றான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏரிக்கரைச் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பதித்தார்கள். மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள். மழை வந்து மண் உள்ளே இறங்கியது. ஒரு எருமை உட்காரும் அளவுக்குக் குழி ஆனது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. ஒரு எருமை வந்து உட்கார்ந்தது. தினமும் காலையில் வரும், தண்ணீரில் இறங்கி உட்காரும், மாலையில் எழுந்து போகும். வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன.

அப்போதுதான் எங்கள் செயலியில் "குழிவாசி" என்ற பெயரில் ஒருவர் எழுதத் தொடங்கினார். முதல் பதிவு இது:

"ஆபீசர் காலை பத்தரைக்குப் பணிக்கு வந்தார். குழியை நேரில் ஆய்வு செய்தார். ஆழம் போதுமானது என்பதில் அவருக்குத் திருப்தி. மதிய உணவு: வைக்கோல்."

கூடவே எருமையின் படம். மறுநாள், "பொதுமக்கள் ஆபீசரிடம் மனு கொடுத்தனர். ஆபீசர் மனுவைத் தின்றார்" என்று வந்தது. அந்தப் படத்தில் எருமை நிஜமாகவே ஒரு காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. இன்னொரு நாள், "ஆபீசர் இன்று விடுப்பு. கன்று ஒன்று பொறுப்பு வகிக்கிறது."

காலையில் ஏழெட்டுப் பேர் மில் வாசலில் நின்று இதைப் படித்துச் சிரிப்பது மாடிக்குக் கேட்கும். வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக அது அம்பத்தூரைத் தாண்டிப் போய்விட்டது. நானும் பாடிக்காரனும் கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது குழிவாசியைத்தான். அவர் எந்த அதிகாரியின் பெயரையும் எழுதவில்லை. எந்த அலுவலகத்தையும் சொல்லவில்லை. எருமையைத்தான் ஆபீசர் என்றார்.

அந்த மிளகாய் நாளில் படியேறி வந்தவர் ஒரு உதவியாளர். சாலைப் பணிகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். நடுத்தர வயது, நல்ல மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேடம், இது கொஞ்சம் ரகசியம்" என்றார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன?" என்றேன்.

"ரகசியம்னேன்."

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க."

அவர் எழுந்து, கைக்குட்டையை எடுத்துவிட்டு, வாயருகே கையைக் குவித்துக் கத்தினார். சரியாக அந்த நேரத்தில் கீழே மின்சாரம் போனது. மில் நின்றது. "அந்த எருமை எங்க சாருதான்னு எழுதினது யாரு" என்ற அவருடைய கேள்வி தெரு முழுக்கக் கேட்டது.

கீழே வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்தார்கள். அப்புறம் மில் அக்கா மேலே பார்த்துக் கேட்டார்: "இன்னா சொன்னீங்கோ அண்ணாத்தே? அது உங்க சாரா?"

உதவியாளர் தும்மினார். நானும் தும்மினேன். பாடிக்காரன் தும்முவது போல முகத்தை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தான். அவன் தும்மவில்லை என்பது தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது.

மின்சாரம் வருவதற்குள் அவர் மெதுவான குரலில் கேட்டு முடித்தார். இரண்டு விஷயம் வேண்டும். எருமைப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். குழிவாசி யார், அவர் எண் என்ன என்று கொடுக்க வேண்டும்.

"எழுத்துல குடுங்க சார்" என்றேன். பழைய வேலையின் பழக்கம் தானாக வந்தது. "யார் கேக்குறாங்க, எந்தச் சட்டத்துல கேக்குறாங்கன்னு போட்டுக் குடுங்க. பாத்துட்டுப் பதில் சொல்றோம்."

"இதுக்கெல்லாம் எழுத்தா மேடம்? சும்மா ஒரு நம்பர்தானே."

"சும்மா ஒரு நம்பரத்தான் சார் அவங்க எங்கள நம்பிக் குடுத்திருக்காங்க."

அவர் தன் போனை எடுத்து எங்கள் செயலியைத் திறந்து, சேரும் பக்கத்தைக் காட்டினார். "எவன் வந்து கேட்டாலும்னு போட்டிருக்கீங்களே மேடம். நான் வந்து கேக்கறேன். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பாடிக்காரன் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, "உங்கள சொல்லல சார், பொதுவா சொன்னது" என்றான்.

அவர் போன பிறகு எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சிரிப்பெல்லாம் ஓடிவிட்டது. அரசாங்கம் கேட்டு மறுத்தால் என்ன ஆகும் என்று அம்பத்தூரில் யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே எங்களுக்குப் பின்னால் பெரிய கம்பெனி இருந்தது, அதற்குப் பின்னால் வழக்கறிஞர் படையே இருந்தது. இங்கே பின்னால் இருந்தது ஒரு மிளகாய் மூட்டை.

வீட்டில் சொன்னேன். கணவர் தட்டைப் பார்த்தபடி, "உலகத்துல பெரிய பெரிய கம்பெனியெல்லாம் கேட்டா எடுத்துக் குடுத்துட்டுத்தான் உக்காந்திருக்கான். நீ யாரு, ஒரு மில் மாடி. குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "ஆனா குழிவாசி நிறுத்திட்டா எனக்கு ஆபீஸ் பஸ்ல படிக்க ஒண்ணும் இருக்காது" என்றும் சொன்னார். அவருடைய கருத்து எது என்று எனக்குத் தெளிவாகவில்லை.

மறுநாள் பாடிக்காரன் வேறொரு கேள்வியோடு வந்தான். "அக்கா, போன மாசம் குடுத்தோமே?"

அவன் சொன்னது உண்மைதான். போன மாதம் ஞாபகமறதி உள்ள ஒரு பெரியவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். பாரிவாக்கம் பக்கம் அவரைப் பார்த்ததாக யாரோ புனைபெயரில் எங்கள் செயலியில் எழுதியிருந்தார். காவல் நிலையத்திலிருந்து அழைத்து எழுதியவரின் எண்ணைக் கேட்டார்கள்.

"அன்னைக்கி என்ன செஞ்சோம்?" என்றேன். "நாமளே அந்த ஆளுக்குப் போன் போட்டோம். இந்த மாதிரி போலீஸ் கேக்குறாங்க, குடுக்கட்டுமான்னு கேட்டோம். அவரு தாராளமாக் குடுங்கன்னாரு. குடுத்தோம். பெரியவரும் கெடச்சாரு."

"அப்ப குழிவாசிக்கும் போன் போட்டுக் கேப்போமா?"

"போட்டா அவரு யாருன்னு நமக்குத் தெரிஞ்சு போகும்."

அதுவரை அவர் எண்ணை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க முடியும். ஒரு கட்டளை தட்டினால் போதும், எண் திரையில் வந்துவிடும். இருவரும் திரையைப் பார்த்தோம். ஆசையாக இருந்தது. கீழே மில் ஓடியது. பாடிக்காரனின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது.

"வேணாம்கா" என்றான் கடைசியில். "எனக்குத் தெரிஞ்சா மூஞ்சியிலயே எழுதி ஒட்டின மாதிரி இருக்கும். இஸ்கூல்ல எவனோ கண்ணாடி ஒடச்சதுக்கு நான் திருதிருன்னு முழிச்சே மாட்டினவன். நீ பாஸ்வேர்ட மாத்திடு. என்கிட்ட சொல்லாத."

மாற்றினேன். நானும் பார்க்கவில்லை. செயலியின் வழியாக மட்டும் குழிவாசிக்கு ஒரு செய்தி அனுப்பினோம்: உங்கள் விவரத்தைக் கேட்டு வந்திருக்கிறார்கள், நாங்கள் தரவில்லை, நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். சற்று நேரத்தில் பதில் வந்தது. "நன்றி. ஆபீசருக்கும் தெரிவித்துவிட்டேன். அவர் காதை ஆட்டினார்."

அன்றிலிருந்து பாடிக்காரனுக்குச் சந்தேக நோய் பிடித்தது. மில் அக்காவாக இருக்குமோ என்றான். என் கணவராக இருக்குமோ என்றான். ஒரு நாள் வந்து, "எங்க அம்மா நேத்து வைக்கோல்னு சொன்னாங்கக்கா, எதுக்கு சொல்லணும்?" என்று கேட்டான். கிறிஸ்துமஸ் குடில் கட்ட வைக்கோல் வேண்டும் என்றுதான் அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

பூந்தமல்லி நீதிமன்றத்தில் இருக்கும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். காவல்துறையோ நீதிமன்றமோ முறைப்படி கேட்டால் அது வேறு, சாலை போடும் அலுவலகம் வாய்மொழியாகக் கேட்டதற்கெல்லாம் தரத் தேவையில்லை என்றார். கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுவாரம் உதவியாளர் மீண்டும் வந்தார். இந்த முறை கையில் ஒரு காகிதம். கோதுமை நாள் என்பதால் தும்மாமல் பேச முடிந்தது.

"மேடம், எழுத்துல கேட்டீங்க. எழுதிப் பாத்தோம். வர மாட்டேங்குது" என்றார்.

"என்ன வர மாட்டேங்குது?"

"மொதல்ல, 'எங்கள் அதிகாரியை எருமை என்று குறிப்பிட்டதால்'னு எழுதினேன். சார் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. அதுல கையெழுத்துப் போட்டா அந்த எருமை நான்தான்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்ங்கறாரு."

"நியாயம்தான்."

"அப்பறம் 'ஒரு எருமையை அதிகாரி என்று குறிப்பிட்டதால்'னு மாத்தினேன். அப்படின்னா புகார் குடுக்க வேண்டியது எருமையோட ஓனராம். ஸ்டேஷன்ல சிரிக்கிறாங்க மேடம்."

பாடிக்காரன் அவருக்கு டீ வாங்கி வந்தான். அவர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும்ங்கறாங்க. கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

எங்களிடம் தகவல் கேட்கும் கடிதத்தை நானே எழுத உட்கார்ந்தேன். இதில் என்ன தர்மம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உதவினால்தான் என்ன என்று தோன்றியது.

"எந்த எடத்துப் பதிவுன்னு போடணும் சார். 'ஏரிக்கரைச் சாலைக் குழி பற்றிய பதிவுகள்'னு போடலாமா?"

அவர் பதறினார். "குழின்னு போட முடியாது மேடம். அங்க குழி இல்ல. மூடியாச்சுன்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

"சரி, பள்ளம்."

"பள்ளமும் இல்ல."

"அப்ப எருமை எதுல உக்காந்திருக்கு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ரோட்ல" என்றார். "ஆனா கொஞ்சம் கீழ."

அந்த மாலை முழுக்க எழுதிப் பார்த்தோம். இடத்தைச் சொன்னால் குழி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் எந்தப் பதிவு என்று தெரியாது. எருமையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சொல்லாவிட்டால் குற்றமே இல்லை. கடைசியில் அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும் முன் திரும்பி, "எங்க ஊடு பாரிவாக்கம் மேடம். எங்க தெருவுலயும் ஒண்ணு கீது. எருமைதான் இல்ல" என்றார்.

அவர்கள் எழுத்தில் கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை அன்று நான் யோசிக்காமல் இல்லை. கேலி செய்கிறவரைக் கண்டுபிடிக்கத் துடிக்கும் அரசாங்கத்துக்கு எப்போதும் கடிதம் எழுத வராமல் போகும் என்று சொல்ல முடியாது. நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். அம்பத்தூரில் நான் அடுக்கியவற்றில் பல, குறை சொல்ல முடியாதபடி எழுதப்பட்டவை.

இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரியே அழைத்தார். குழியருகே வரச் சொன்னார். நானும் பாடிக்காரனும் போனோம்.

நான் ஏதோ கனத்த உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். மில் வாசலில் சிரித்த எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். வந்தவர் ஒல்லியாக, மடிப்புக் கலையாத சட்டையோடு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர் போல இருந்தார். குழியில் எருமை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்கள் போனை எடுத்தார்கள். அவர் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டார், தானும் அதுவும் ஒரே படத்தில் வரக் கூடாது என்று.

"யாருன்னு சொல்லிடும்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார்.

"தெரியாது சார். நாங்க பாக்கல. பாத்திருந்தாலும் சொல்ல முடியாது."

"என் பொண்ணு கோயம்புத்தூர்ல படிக்கிறா. தினமும் போன் பண்ணி, அப்பா இன்னிக்கு வைக்கோல் நல்லா இருந்துச்சான்னு கேக்கறா." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "இந்தக் குழிய நான் மூட முடியாதும்மா. குழாய் போட்டவங்கதான் மூடணும். அவங்க மூடிட்டதா எழுதிட்டாங்க. மூடிட்டதா எழுதின குழிய நான் எந்தக் கணக்குல மூடறது?"

"இத ஜனங்ககிட்ட சொல்லலாமே சார்" என்றேன்.

"எங்க சொல்றது?"

பாடிக்காரன் தன் போனை நீட்டினான். "நம்ப ஆப்புலயே சொல்லுங்க சார். பேர் போட வாணாம்."

அவர் தயங்கித் தயங்கித் தன் போனில் செயலியை இறக்கினார். எண் கேட்கும் இடம் வந்ததும் விரல் நின்றது. என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "இந்த நம்பர் யாருக்கும் போகாதே?" என்று கேட்டார்.

"போகாது சார்."

"எங்க ஆபீஸ்லேர்ந்து கேட்டாக்கூட?"

"எவன் வந்து கேட்டாலும் சார்" என்றான் பாடிக்காரன். அவர் தலையசைத்துவிட்டு எண்ணைத் தட்டினார். புனைபெயர், "நடுநிலையாளர்".

அவருடைய முதல் பதிவு இப்படி வந்தது: "மேற்படி பள்ளம் தொடர்பாகப் பொதுமக்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுவது யாதெனில்." யார் எழுதியது என்று மில் வாசலில் அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் காட்டிக்கொள்ளவில்லை. குழிவாசி மட்டும், "மேற்படி எருமை தங்களை மிகவும் விசாரித்ததாகத் தெரிவிக்கச் சொன்னது" என்று பதில் எழுதினார். நடுநிலையாளர் அதற்கு, "விலங்குகளின் நலம் விசாரிப்பு பதிவேட்டில் ஏற்றப்பட்டது" என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. மனிதர் வேடிக்கையாக எழுதுகிறார்.

நடுநிலையாளரின் விளக்கத்தைப் படித்தவர்கள் குழாய் போட்டவர்களிடம் போய் நின்றார்கள். அதன் பலன் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. குழாய்க்காரர்கள் ஒரு லாரி ஜல்லி கொண்டுவந்து கொட்டினார்கள். அதே நாளில், இனித் தாமதிக்கக் கூடாது என்று சாலைக்காரர்களும் ஒரு லாரி கொண்டுவந்து கொட்டினார்கள். குழி மேடானது. எருமை வந்து பார்த்துவிட்டு மேட்டின் மேல் ஏறி நின்றது. "ஆபீசருக்குப் பதவி உயர்வு" என்று குழிவாசி எழுதினார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் எதிர்பாராத செய்தி வந்தது. எழுதியது குழிவாசி. "நடுநிலையாளர் நன்றாக எழுதுகிறார். ஒரு முறை பேச ஆசை. அவர் எண் கிடைக்குமா? நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறேன்."

பாடிக்காரன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "இவருக்குன்னு நம்ப எவ்ளோ பயந்துகினு இருந்தோம். இவரே வந்து கேக்கறாரே."

"நல்ல எண்ணத்துலதான் எல்லாரும் கேக்குறாங்க" என்றேன். தர முடியாது என்று எழுதினோம். குழிவாசி ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தோம். மறுநாள், "சரிதான்" என்று ஒரு சொல் வந்தது.

இந்த விஷயத்தை நான் வழக்கறிஞரிடம் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "இப்போ தப்பிச்சிட்டீங்க. நாளைக்கு ஒழுங்கான உத்தரவோட வந்தா, கையில வச்சிருக்கறதக் குடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

பாடிக்காரன் அதை இரண்டு நாள் மென்றான். அப்புறம், "கையில இல்லன்னா?" என்றான்.

எனக்கு ஏன் அது முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை. ஒருவர் சேரும்போது உண்மையான ஆள்தானா என்று பார்க்கத்தான் எண் வேண்டும். பார்த்த பிறகு அதை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் செய்ததில்லை, அந்தப் பெரியவர் காணாமல்போன ஒரு நாளைத் தவிர. அப்படி ஒரு நாள் மறுபடியும் வந்தால் என்ன செய்வது என்று வாதாடினோம். செயலி வழியாகவே எழுதியவருக்குச் செய்தி அனுப்பலாம், அவர் பார்க்கத் தாமதமாகலாம், அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிவானது. எனக்கு அதில் இன்றும் முழு நிம்மதி இல்லை. ஆனாலும் செய்தோம். இந்தத் தேதியிலிருந்து எண்கள் அழிக்கப்படும் என்று எல்லோருக்கும் அறிவித்தோம், சொன்னபடி அழித்தோம். யாரும் எங்களிடம் எதுவும் கேட்டு வராத ஒரு வாரத்தில்தான் செய்தோம். கேட்ட பிறகு அழித்தால் அதற்கு வேறு பெயர் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார்.

பாஸ்வேர்டை மறந்தவர்களை எப்படி உள்ளே விடுவது என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

முதலில் மில் அக்கா வந்தார். "உன் ஆப்பு என்னய உள்ள உட மாட்டேங்குது." எண் இல்லை, உங்கள் கணக்கைத் திருப்பித் தர வழியில்லை என்று விளக்கினேன். "நான்தான்னு உனக்குத் தெரியாதா? தெனிக்கும் என் மில்லு மேலதானே குந்திகினு கீறே" என்றார். புதிய பெயரில் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் அதையும் மறந்தார். அவருக்கு இப்போது எத்தனை கணக்கு என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பிறகு ஒரு நாள் அந்த அதிகாரி அழைத்தார்.

"பாஸ்வேர்டு மறந்துட்டேம்மா. என் நம்பரப் பாத்து எடுத்துக் குடு."

"நம்பர் இல்ல சார். எல்லாரோடதையும் அழிச்சிட்டோம்."

"நான் யாருன்னு தெரியுதில்ல?"

"குரல் தெரியுது சார். ஆனா ஆப்புல நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பதை முதன்முறையாகக் கேட்டேன். மெல்லிய, இருமல் போன்ற சிரிப்பு. "நல்லது" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர், தன் வீட்டருகே தெருவிளக்கு எரிவதில்லை என்று படத்தோடு புகார் போட்டிருந்தார். வாக்கியங்கள் நீளமாக, அலுவலகக் கடிதம் போல இருந்தன. பாடிக்காரன் என்னைப் பார்த்தான். நான் அடுத்த பதிவுக்குப் போனேன். அந்தப் பதிவுக்காக இதுவரை யாரும் நம்பர் கேட்டு வரவில்லை. விளக்கும் எரியவில்லை.